கூடாரம் இல்லாத இரண்டு பேர்

ஹெய்மோவிடம் இந்த வருஷம் கேட்டே விடுவது என்று சிர்பா முடிவெடுத்தது, ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோகும் தன் நூலக வண்டியைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டிருந்தபோதுதான். பதினோரு மீட்டர் நீள வண்டி, வயிற்றுக்குள் நாலாயிரம் புத்தகம். கண்ணாடியில் ஒரு பார்வை, ஸ்டியரிங்கில் ஒரு சுழற்று, அவ்வளவுதான். இரண்டு வேலிகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். இவ்வளவு பெரிய வண்டியைத் திருப்பத் தெரிந்தவளுக்கு ஒரு ஆம்பிளையிடம் 'என் வீட்டுக்கு வந்துவிடு' என்று சொல்லத் தெரியாதா என்ன? கேட்டால் வந்துவிடுவான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்பது. கணவன் ஏஸ்கோ இறந்துபோய்ப் பதினோரு வருஷம். ஹெய்மோவுக்கு அறுபத்துமூன்று. மின்கம்பி இழுக்கும் வேலையிலிருந்து இந்த வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றான். அவன் மனைவி அவனை விட்டுவிட்டுப் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. மின்னா என்று ஒரு மகள், தெற்கே தாம்பெரே நகரத்தில் இருக்கிறாள்.

இரண்டு பேரும் சந்திப்பது வருஷத்துக்கு ஒரு முறை. ஹிர்வாஸ் ஆறும் கார்னி ஆறும் சேருகிற இடத்தில், வெள்ளைப் பட்டை பூர்ச்ச மரங்களுக்கு நடுவே ஒரு மரக்குடிசை இருக்கிறது. பூட்டு கிடையாது, முன்பதிவு கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து தங்கலாம். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு செப்டம்பர் வியாழக்கிழமை ஹெய்மோ ஹிர்வாஸ் கரையோரமாக மீன் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தான், இவள் கார்னி கரையோரமாக வந்தாள். ஒரே அடுப்பில் காப்பி போட்டார்கள். அடுத்த வருஷமும் அதே வாரம், அதே வியாழன். பேசி வைத்துக்கொண்டது கிடையாது. தொலைபேசி எண்கூட வாங்கிக்கொள்ளவில்லை. எங்கள் வடக்குப் பக்கத்தில் இதெல்லாம் அதிசயமே இல்லை. எண் கேட்டால் அவசரப்படுகிறார்கள் என்று நினைத்துவிடுவார்களாம்.

பேசுவதெல்லாம் அவள்தான். ஒரு வருஷத்தில் ஹெய்மோ பேசியதை மொத்தமாகச் சேர்த்தால் ஒரு தபால் அட்டையில் எழுதி, முகவரிக்கும் இடம் விட்டுவிடலாம். ஆனாலும் அவன் மனசில் இருப்பது சிர்பாவுக்குத் தெரியும். ஒரு வருஷம் அவள் கையில் கொதிக்கிற காப்பி கொட்டிவிட்டது. மறுநாள் அவள் மூட்டையையும் தன் மூட்டையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, ஏழு கிலோமீட்டர் அவள் பாதையில் நடந்து அவளைக் காரில் ஏற்றிவிட்டான். பிறகு அதே ஏழு கிலோமீட்டரைத் திரும்ப நடந்து, அங்கிருந்து தன் பாதையில் பன்னிரண்டு கிலோமீட்டர் போனான். போகும்போது சொன்னது ஒரே வார்த்தை: "பாத்து." அதற்கு மேல் ஒருத்தன் எப்படித்தான் சொல்ல முடியும்?

இந்த வியாழன் மழை. சிர்பா குடிசைக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. புகைபோக்கியில் புகை. உள்ளே ஹெய்மோவின் மூட்டை, ஆணியில் அவன் தொப்பி, அடுப்பின் மேல் கரி பிடித்த காப்பிக் கெட்டில். ஆள் இல்லை, தண்ணீர் மொள்ளப் போயிருப்பான். ஈர மேல்கோட்டைக் கழற்றித் தொங்கவிட்டுவிட்டு, வந்த எவரும் செய்வதுபோல விருந்தினர் புத்தகத்தில் பெயர் எழுத உட்கார்ந்தாள். கடைசிப் பக்கத்தில் அவன் கையெழுத்து இருந்தது.

'ஹெய்மோ டொர்மானென். மதியம் பன்னிரண்டு. மழை. மீன் இரண்டு. இதுதான் கடைசி. அக்டோபர் முதல் தேதி தாம்பெரேவுக்குக் குடி போகிறேன். இத்தனை வருஷக் காப்பிக்கு நன்றி, சிர்பா.'

சிர்பா அதை இரண்டு முறை படித்தாள். முதலில் வந்தது கோபம். நேரில் பார்க்கப்போகிற ஆளுக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறான்! வாயில் வராததை எல்லாம் குடிசைப் புத்தகத்தில் கொட்டுவது எங்கள் ஆம்பிளைகளுக்கு வழக்கம்தான். அதே புத்தகத்தில் ஒருத்தன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறான், தம்பி அடுத்த பக்கத்தில் பதில் எழுதியிருக்கிறான். ஆனாலும் இது அநியாயம். கோபம் தணிந்ததும் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். அக்டோபர் முதல் தேதிக்கு இன்னும் நாலு வாரம் கூட இல்லை.

வாளியோடு ஹெய்மோ உள்ளே வந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு, திறந்திருந்த புத்தகத்தைப் பார்த்ததும் அது நின்றுபோனது.

"என்னய்யா இது?"

"எது?"

"எதுவா? எழுதி வெச்சிருக்கியே, இது."

"படிச்சிட்டியா."

"படிக்கத்தானே எழுதுன? ஏன், வாயைத் தெறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமோ?"

ஹெய்மோ வாளியை ஓசைப்படாமல் கீழே வைத்தான். "மின்னா பாத்து வெச்சிருக்கா. ரெண்டு ரூம். லிஃப்ட் இருக்கு. முட்டிக்கு நல்லதுங்கறா."

"அந்த முட்டிய வெச்சுக்கிட்டுதான் இன்னிக்குப் பன்னெண்டு கிலோமீட்டர் நடந்து வந்தியாக்கும்?"

"மெதுவாத்தான் வந்தேன்."

"உனக்குப் போகணும்னு ஆசையா?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "வீடு பெருசா இருக்கு, நான் ஒருத்தன். குளிர்காலத்துல வழுக்கி விழுந்தா யாரு பாப்பான்னு அவ கேக்கறா. தப்பில்லையே."

சிர்பா இரண்டு குவளையில் காப்பி ஊற்றினாள். "உக்காரு ஹெய்மோ. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவன் மருத்துவர் முன்னால் உட்காருவதுபோல இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்தான். சிர்பா மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். கதவும் திறந்தது.

ஆறு பேர். ஹெல்சின்கியிலிருந்து, ஒரே அலுவலகத்து ஆட்கள். தலையிலிருந்து காலணிவரை சொட்டச் சொட்ட நின்றார்கள். ஒருத்தன் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு மற்றவன் தோளில் தொங்கினான். அழைத்து வந்த பெண்ணுக்கு விர்பி என்று பெயர், நாற்பது வயதிருக்கும். உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர் இருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

அந்தக் குடிசையில் படுக்க ஆறு பலகைதான். இந்த மாதிரிக் குடிசைகளுக்கு எங்கள் நாட்டில் ஒரு சட்டம் உண்டு. கடைசியாக வந்தவனுக்குத்தான் முதல் உரிமை. முதலில் வந்தவன் உடம்பைக் காய வைத்து, வயிற்றை நிரப்பி, காலை நீட்டிப் படுத்தும் ஆயிற்று. இடம் போதாமல் போனால் எழுந்து வெளியே போக வேண்டியவன் அவன்தான். காவலுக்கு ஒருவரும் இல்லை, அபராதமும் இல்லை. வரிக்கணக்கில் ஏமாற்றுகிறவன்கூட இதில் ஏமாற்ற மாட்டான்.

விர்பி வாயைத் திறப்பதற்குள் ஹெய்மோ எழுந்துவிட்டான். காப்பியை நின்றபடியே குடித்து முடித்தான், தொப்பியை எடுத்தான்.

"ஐயையோ, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? உக்காருங்க. நெருக்கிப் படுத்தா எட்டு பேரு படுக்கலாம்," என்றாள் விர்பி.

"பலகை ஆறு. நீங்க ஆறு பேர்."

"மழை கொட்டுதே! எங்க போவீங்க?"

"எங்கிட்ட கூடாரம் இருக்கு."

அவன் இத்தனை வேகமாக ஒரு வாக்கியத்தைச் சொல்லி சிர்பா கேட்டதே இல்லை. அவள் மட்டும் சளைத்தவளா? "எங்கிட்டயும் இருக்கு. நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீங்க. உள்ள படுத்தா எனக்கு மூச்சு முட்டும், நான் எப்பவும் வெளியதான் படுக்கறது. அந்தத் தம்பி காலை உசரத் தூக்கி வைங்க. விறகு பின்னால கொட்டகையில. சாம்பலை மட்டும் காலைல அள்ளிடுங்க."

அவளிடம் கூடாரமும் இல்லை, கூடாரத்தின் கயிறும் இல்லை. பத்து வருஷமாக அந்தக் குடிசையில் இவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் அந்த வாரம் வந்ததில்லை. எதற்குச் சுமப்பது? ஆனால் ஹெய்மோவிடம் இருக்கிறதே, அது போதும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு பேர் ஒரு கூடாரம், வெளியே மழை. கேட்க வேண்டியதைக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? ஆறு பேரையும் அனுப்பி வைத்த புண்ணியவான் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

குடிசையிலிருந்து இருநூறு அடி நடந்தால் நிலம் கூராக முடிகிறது. அங்கேதான் இரண்டு ஆறும் சேருகின்றன. ஹிர்வாஸ் சதுப்புக்காட்டுத் தண்ணீர், கடுங்காப்பி நிறம். கார்னி மலையிலிருந்து வருவது, அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். சேர்ந்த பிறகும் இரண்டும் கொஞ்ச தூரம் ஒட்டி ஒட்டாமல் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். எதிரே தெரியும் பெரிய பாறையைத் தாண்டித்தான் கலக்கும். சத்தமே இருக்காது. மழையும் அதற்குள் தூறலாகியிருந்தது.

ஒரு பெரிய ஊசியிலை மரத்தடியில், ஈரம் படாத இடமாகப் பார்த்து சிர்பா மூட்டையை இறக்கினாள். ஹெய்மோவும் இறக்கினான். அவள் காத்திருந்தாள். அவனும் காத்திருந்தான். ஆற்றைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள்.

"ம், ஆகட்டும்," என்றாள் சிர்பா.

"என்ன ஆகட்டும்?"

"கூடாரத்தப் பிரி."

"உன்னோடதத்தானே பிரிக்கணும்?"

"எங்கிட்ட ஏது கூடாரம்? நீதானேய்யா இருக்குன்ன!"

"நீயும் சொன்னியே."

"நீ சொன்னதால நான் சொன்னேன்!"

ஹெய்மோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொன்னேன். அப்புறம் நீயும் சொன்னதும், சரி, உங்கிட்ட இருக்கேன்னு தைரியமா வந்துட்டேன். உன் மூட்டைக்கு மேல சதுரமா ஒண்ணு கட்டியிருக்கே, அது என்ன?"

"கேக்கு."

"கேக்கா?"

"ப்ளூபெரி கேக்கு. பெட்டியோட. ஏழு கிலோமீட்டர் நசுங்காம தூக்கிட்டு வந்திருக்கேன்."

ஹெய்மோவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று புரிய அவளுக்கு ஒரு நொடி ஆனது. பத்து வருஷத்தில் அவன் சத்தம் போட்டுச் சிரித்ததை இன்றுதான் கேட்டாள். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் மரத்தைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

குடிசைக்குத் திரும்பிப் போக முடியாது. போய் 'கூடாரம் இல்லை' என்று நின்றால் மானம் போவது ஒரு பக்கம். அதைக் கேட்டதும் அந்த ஆறு பேரும், சுளுக்கிய காலோடு சேர்த்து, எழுந்து வெளியே வந்து நிற்பார்கள். பிறகு எட்டு பேரும் மழையில் நின்றுகொண்டு நீ போ நான் போ என்று மரியாதை செய்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

சிரிப்பு அடங்கியதும் ஹெய்மோ வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டான். "எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். இப்பவே கெளம்புனா நான் என் பக்கம் போய்ச் சேந்துடுவேன். நீ உன் பக்கம் போயிடு, உனக்குக் கிட்டத்தான். காருல படுத்துக்கலாம்." சொல்லிவிட்டு மூட்டையின் ஒரு வாரைத் தோளில் மாட்டினான்.

அப்போதுதான் சிர்பாவுக்குப் பயம் வந்தது. இன்னொரு வாரையும் மாட்டிவிட்டால் முடிந்தது. 'பாத்து' என்று சொல்லிவிட்டு ஹிர்வாஸ் கரையோடு போய்விடுவான். அக்டோபர் வந்துவிடும், லிஃப்டில் ஏறிவிடுவான். எண் கூட இல்லை. கேட்டால் வந்துவிடுவான் என்று வண்டியில் உட்கார்ந்து நினைத்தது எவ்வளவு சுலபமாக இருந்தது!

"மூட்டைய எறக்கு. கேக்கு சாப்பிட்டுட்டுப் போ."

கேக் என்றதும் இறக்கினான். விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்தார்கள். சிர்பா கத்தியை எடுத்து ஒரு துண்டு வெட்டி அவன் கையில் வைத்தாள். அவன் முதல் வாயை மென்று விழுங்கும்வரை பொறுத்தாள்.

"ஹெய்மோ, நீ தாம்பெரேவுக்குப் போகாத. என் வீட்டுக்கு வந்துடு."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "விறகு பிளக்கவா?"

"விறகு நானே பிளப்பேன். என்கூட இருக்க. காலைலயும் சாயங்காலமும். ரெண்டு பேரும் சாகற வரைக்கும். புரியுதா, இல்ல புத்தகத்துல எழுதித் தரணுமா?"

"புரியுது."

கையிலிருந்த கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். சிர்பா கத்தியை ஒரு இலையில் துடைத்தாள். ஐம்பத்தொன்பது வயதில் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

"அது ஏஸ்கோ வீடு," என்றான் கடைசியில்.

"என்னது?"

"நீதானே சொல்லுவ. ஏஸ்கோ போட்ட அலமாரி. ஏஸ்கோ வெச்ச ஜன்னல். ஏஸ்கோ கட்டுன சவுனா, அந்த நீராவிக் குளியல் ரூமுல சூடு அப்படி நிக்கும், இப்படி நிக்கும். படகுக்கு ஏஸ்கோ அடிச்ச பச்சைப் பெயின்ட். பத்து வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன் சிர்பா. கண்ண மூடுனா அந்த வீடு எனக்கு மனப்பாடம். அதுல வந்து நான் எங்க உக்காருவேன்? எந்த நாற்காலியில உக்காந்தாலும் அவன் நாற்காலிதான்."

சிர்பா கேக் பெட்டியை மூடினாள். பேசாதவன், பேசாதவன் என்று இத்தனை வருஷம் கேலி செய்தாளே, அவன் பேசாமல் இருந்ததில் பாதி இவள் பேசியதால்தான். அவள் பெருமையாகச் சொன்ன ஒவ்வொரு அலமாரியும் இவனுக்குச் சாத்திய கதவாக இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா உட்காருகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"இந்தா, இங்க பாரு. இப்ப அந்தக் குடிசையில நீ என்ன பண்ணுன?"

"எந்திரிச்சு வந்தேன்."

"ஏன் எந்திரிச்ச? நீதானே மொதல்ல வந்த? அடுப்பு நீ மூட்டுனது, தண்ணி நீ கொண்டாந்தது."

"அவங்க கடைசியா வந்தாங்க."

"ஏஸ்கோ எந்திரிச்சுப் போயிப் பதினோரு வருஷம் ஆச்சு ஹெய்மோ. நல்லவன்தான், நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன், இனிமேயும் அவன் பேரைச் சொல்லுவேன். ஆனா அவன் நல்லவன்னா, பலகையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பானா? நீ மழையில நனைஞ்சுக்கிட்டு வாசல்ல நிக்கறப்ப? அலமாரி புடிக்கலைன்னா சொல்லு, உடைச்சு அடுப்புல போடறேன்."

"அலமாரி நல்லாத்தான் இருக்கும் போல," என்றான் ஹெய்மோ. மீதி கேக்கை ஒரே வாயாகப் போட்டுக்கொண்டு, நெடுநேரம் மென்றான். தூறல் நின்றிருந்தது. இலையிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது.

"மின்னா கத்துவா."

"கத்தட்டும். போனைப் போட்டுக் குடு, நான் பேசறேன். பேச்சுல என்னை ஜெயிக்க இன்னும் ஆள் பொறக்கல."

ஹெய்மோ எழுந்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"வேணாம். நானே பேசறேன்."

பின்னாலிருக்கும் மேட்டில் ஏறினால்தான் அங்கே போனில் சிக்னல் கிடைக்கும். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக ஏறி, உச்சியில் ஒரு கல்லின் மேல் நின்றான். சிர்பா கீழே உட்கார்ந்து கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று இல்லை. அவன் பேசுவது ஒவ்வொரு வார்த்தையும் கீழே இறங்கி வந்தது.

"மின்னா, அப்பாதான்... இல்ல இல்ல, விழல. காலு நல்லாத்தான் இருக்கு... இங்க கேளு. நான் தாம்பெரேவுக்கு வரல... வரலைன்னா வரலதான். சிர்பா வீட்டுக்குப் போறேன்... எந்த சிர்பாவா? அதான் நூலக வண்டி ஓட்டறவ. உங்கிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேனே... ஆமா, ஆமா, அவளேதான்."

சிர்பா கழுத்தை நீட்டினாள். சொல்லிக்கொண்டே இருப்பானா? இவனா?

மேலே ஹெய்மோ ஒரு கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். போனில் மகள் என்னவோ கேட்டாள் போலிருக்கிறது. அவன் நிமிர்ந்து, மார்பை நிறைத்து மூச்சு இழுத்துக்கொண்டான்.

"சேச்சே, அவ எங்க கேட்டா? நான்தான் கேட்டேன். சரின்னுட்டா."

சிர்பா எழுந்தே விட்டாள். தான் செய்த ஒரு காரியத்தை இன்னொருத்தன் செய்ததாகச் சொல்லி அவள் வாழ்க்கையில் ஒரு நாளும் விட்டதில்லை. நகராட்சிக் கூட்டத்திலேயே எழுந்து நின்று சண்டை போட்டிருக்கிறாள். வாய் தானாகத் திறந்தது. அப்புறம் மேலே கல்லின் மேல் நின்று, வெற்றுக் காற்றில் கையை ஆட்டிக்கொண்டு, மகளிடம் பெருமையடித்துக்கொண்டிருக்கும் அந்த ஆளைப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. கண் கரித்தது, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள்.

ஹெய்மோ இறங்கி வந்தபோது இரண்டு மூட்டையும் கட்டித் தயாராக இருந்தன.

"என்ன சொன்னா?"

"அழுதா. சந்தோஷத்துலதான். ஹிர்வாஸ் பக்கம் நிக்கற என் காரை எடுத்துட்டு வர சனிக்கிழமை அவளே வராளாம்." தன் மூட்டையைத் தோளில் மாட்டினான், இந்த முறை இரண்டு வாரும். கார்னிப் பாதை எந்தப் பக்கம் என்று தெரியாதவன்போல அவளைப் பார்த்தான். "எப்படிப்பா கேட்டீங்கன்னு கேட்டா."

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"சுத்தி வளைக்கல, நேராக் கேட்டுட்டேன்னு சொன்னேன்."

சிர்பா அவனை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தாள்.

"நல்லாத்தான் கேட்டிருக்க," என்றாள். முன்னால் நடக்காமல், பாதை அகலமாக இருந்தவரை அவன் பக்கத்திலேயே நடந்தாள்.